ஒலிக்கோப்பும் முக்கால் கட்டை சுருதியும்

அனிமேஷன் மென்பொருளுக்குள் ஒரு பாட்டையோ குரலையோ இழுத்துப் போடப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்தச் சின்னப் பெட்டியைச் சந்தித்திருப்பார்கள். கோப்பைப் படிப்பதில் ஏதோ சிக்கல், அதனால் உள்ளே எடுக்கவில்லை என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி. என்ன சிக்கல், யார் மேல் தப்பு, அடுத்து என்ன செய்வது, எதுவும் அதில் இருக்காது. கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான். ஓகே இல்லை என்று சொல்ல வழியே கிடையாது :-)

அந்தப் பெட்டி வந்தால்கூடப் பரவாயில்லை. வர வேண்டிய இடத்தில் அது வராமல் போனதுதான் இங்கே சொல்லப்போகும் விஷயம்.

பி.காம் மூன்றாம் வருட மாணவி ஒருத்தி. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். 2023ல் கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு போட்டிக்கு, மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒரு அனிமேஷன் படம் செய்யலாம் என்று கிளம்பினாள். காமர்ஸ்காரிக்கு அனிமேஷன் எதற்கு என்று கேட்காத ஆள் வகுப்பில் பாக்கி இல்லை. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல், விஷுவல் கம்யூனிகேஷன் துறை லேபில் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை உட்கார அனுமதி வாங்கிவிட்டாள். அங்கே இருந்தது அனிமேட். பிளாஷ் என்ற பெயரில் இருந்து 2016ல் பெயர் மாறிய அதே மென்பொருள்தான்.

படத்துக்குக் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரட்டைக் கட்டிலின் கீழ்த்தட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த மனிதர் அவளுடைய அப்பா. குரலும் அவருடையதே.

செல்போன் வருவதற்கு முன் வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்புவது எல்லா ஊரிலும் இருந்த பழக்கம். ஐ.எஸ்.டி. பேசினால் மீட்டர் ஓடுகிற ஓட்டத்தில் சொல்ல வந்தது மறந்துவிடும். கடிதம் எழுத எல்லோருக்கும் கை வராது. ஒரு கேசட் வாங்கி, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் பேசி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டால் போதும். அவளுடைய அப்பா 1994 முதல் 1999 வரை சவூதியில், தம்மாமில் இருந்தார். 2006ல் இறந்துபோனார். அப்போது அவளுக்கு 3 வயது. முகம் போட்டோவில் இருக்கிறது. குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை.

வீட்டில் மிஞ்சியிருந்தது 1996ல் வந்த ஒரே ஒரு கேசட். அதிலும் முக்கால்வாசிக்கு மேல் யாரோ சினிமாப் பாட்டு பதிந்துவிட்டிருந்தார்கள். (எந்த வீட்டில்தான் இது நடக்கவில்லை!) முதல் நாலு நிமிடத்தில் மட்டும் அப்பா பேசுகிறார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, சித்தி மகன், அவளுக்கு அண்ணன் முறை, தன் வீட்டு டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்ப்யூட்டரில் சொருகினான். 2 நிமிடம் 27 விநாடி ஓடியிருக்கும். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் செத்தது, டேப்பும் நின்றது. பிளே பொத்தான் அழுந்தியபடியே இருந்ததால் ரப்பர் உருளை டேப்பைக் கவ்விக்கொண்டு நின்றது. கரண்ட் வந்ததும், முதலிலிருந்து பதியலாம் என்று அவன் அவசரமாகச் சுற்றிவிட, இருபத்தேழு வருடப் பழைய நாடா உருளையில் சுற்றிக்கொண்டு முறுக்குப் பிழிந்த மாதிரி வெளியே வந்தது. அப்பா பேசிய பகுதி முழுக்கத் துண்டு துண்டு. சினிமாப் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிஞ்சியது கம்ப்யூட்டரில் பாதியில் நின்ற அந்தக் கோப்பு மட்டும். அதைத்தான் அவள் அனிமேட்டில் இழுத்துப் போட்டாள். பெட்டி வந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் செய்கிற காரியங்களை அவளும் செய்தாள். கோப்பின் பெயரைச் சுருக்கினாள். டெஸ்க்டாப்புக்கு மாற்றினாள். மென்பொருளை மூடித் திறந்தாள். பிறகு கோப்பின் வாலில் இருந்த 'வேவ்' என்பதை அழித்துவிட்டு 'எம்பி3' என்று மாற்றிப் பார்த்தாள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதவர்களே கிடையாது; ஆனால் அதனால் பிரயோஜனமும் கிடையாது. வாலில் இருப்பது கடையின் போர்டு. போர்டில் பெயரை மாற்றினால் உள்ளே சரக்கு மாறாது. போனில் பதிந்த எம்4ஏ கோப்பும், வாட்ஸ்அப்பில் வந்த ஓபஸ் குரலும் இப்படிப் பெயர் மாறி வந்து எத்தனையோ பேரின் படங்களை நிறுத்தி வைத்திருக்கின்றன. அவற்றை ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருளில் திறந்து, 16 பிட் வேவ் ஆக ஏற்றுமதி செய்துகொண்டால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். அங்கேயும் கவனம் வேண்டும். 32 பிட் ஃப்ளோட் என்று ஒரு வகை வேவ் உண்டு. வெளியே பார்க்க அதே வேவ்தான், ஆனால் அதைத் தொடாத மென்பொருள்களும் இருக்கின்றன.

இவள் கோப்பின் வியாதி வேறு. வேவ் கோப்பின் தொடக்கத்தில் சாதாரணமாக 44 பைட் நீளத்துக்கு ஒரு தலைப்பு இருக்கும். இது ஒலி, ஒற்றைத் தடமா இரட்டையா, ஒரு விநாடிக்கு எத்தனை மாதிரி, ஒரு மாதிரிக்கு எத்தனை பிட், மொத்தம் எவ்வளவு நீளம் என்று வரிசையாக எழுதியிருக்கும். அதற்குப் பிறகு வருவது வெறும் எண்கள்தான். லெட்ஜரில் பக்கத்தின் தலையில் கணக்கின் பெயர் இருப்பது மாதிரி. பெயரைக் கிழித்துவிட்டால் கீழே இருக்கும் தொகைகள் கடனா வரவா யாருக்குத் தெரியும்? மொத்த நீளம் எவ்வளவு என்பது பதிந்து முடிந்த பிறகுதானே தெரியும். அதனால் சில மென்பொருள்கள் தலைப்புக்கு வெற்றிடம் விட்டு வைத்து, நிறுத்தும்போதுதான் நிரப்பும். அதற்குள் கரண்ட் போய்விட்டால்? அண்ணன் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது தலைப்பு முழுக்கப் பூஜ்யம். பின்னால் எண்கள் பத்திரமாக இருந்தன.

இதற்கும் ஆடாசிட்டியில் வழி இருக்கிறது. 'ரா டேட்டா' என்று இறக்குமதி செய்தால், தலைப்பில் இருந்திருக்க வேண்டியதை நம்மிடமே கேட்கும். எத்தனை பிட்? எத்தனை தடம்? விநாடிக்கு எத்தனை மாதிரி? அண்ணன் 16 பிட், ஒற்றைத் தடம் என்று கொடுத்தான். பிட் தப்பாக இருந்தால் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்தான் வரும், உடனே தெரிந்துவிடும். மாதிரி எண்ணிக்கைக்கு 44100 என்று கொடுத்தான். ஆடியோ சி.டி.யின் எண் அது, எல்லோர் வாயிலும் வருவதும் அதுதான். அப்பா பேச ஆரம்பித்தார்.

வீட்டில் யாரும் பேசவில்லையாம். அவள் அன்றைக்குத்தான் அந்தக் குரலைக் கேட்கிறாள். கொஞ்சம் கனமான, நிதானமான குரல். அம்மா அன்று மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். படத்தை முடித்துவிட்டே காட்டலாம் என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். அந்தத் தீர்மானத்துக்கு மூன்று வார உழைப்பு விலை.

திருத்திய கோப்பு அனிமேட்டுக்குள் முனகாமல் போனது. பெட்டி வரவில்லை. நீளம் 2 நிமிடம் 40 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் வீதம் 3840 பிரேம். அண்ணன் வீட்டில் ஓடியது 2 நிமிடம் 27 விநாடி என்பதை யாரும் கடிகாரம் வைத்துக் குறித்து வைத்திருக்கவில்லை. அதுவும் பிற்பாடு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

அடுத்த வாரம் இன்னொரு தொந்தரவு வந்தது. வாயசைவு ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப்போக விலகியது. இது அனிமேட்டில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் தூண். ஒலியை டைம்லைனில் போட்டால் அது 'ஈவண்ட்' என்ற வகையில்தான் உட்காரும். ஈவண்ட் என்றால், ஆரம்பிக்கச் சொன்ன இடத்தில் ஆரம்பித்துவிட்டு, படம் எந்த வேகத்தில் வருகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒலி தன்பாட்டுக்கு ஓடும். பட்டன் சத்தம், கைதட்டல் மாதிரி விஷயத்துக்கு அது போதும். பேச்சுக்கு 'ஸ்ட்ரீம்' வேண்டும். ஸ்ட்ரீம் ஆனால் ஒலிதான் எஜமானன். கம்ப்யூட்டர் திணறினால் சில பிரேம்களைத் தாண்டியாவது படத்தை ஒலியோடு இழுத்துக்கொண்டு போகும். டைம்லைனில் முள்ளை நகர்த்தினால் அந்தந்த இடத்துப் பேச்சும் கேட்கும், வாயசைவு போட அது இல்லாமல் முடியாது. லேபில் சீனியர் ஒருவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். மாற்றியதும் வாய் குரலோடு ஒட்டிக்கொண்டது. (பேச்சுக்கு எம்பி3யைத் தவிர்க்கச் சொன்னதும் அவர்தான். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும். சாதாரணமாகக் காதுக்குத் தெரியாது. ஒரு பிரேம் என்பதே ஏறக்குறைய 42 மில்லிவிநாடிதான் என்னும்போது அந்தத் துளியும் கணக்கில் வரும்.)

ஆக, ஒலிப் பிரச்சினை எல்லாம் தீர்ந்தது என்று அவள் நம்பிவிட்டாள். உதடு ஒட்டுகிற ப, ம, பல் உதட்டைத் தொடுகிற வ, திறந்த ஆ, குவிந்த ஊ என்று ஒன்பது வாய்கள் வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்தாள். இங்கிலீஷ் புத்தகங்களில் இருக்கும் வாய் அட்டவணைகள் தமிழுக்குப் பாதிதான் உதவும். 'அப்பா', 'சும்மா' என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடியபடி ஒரு கணம் நிற்கிறது இல்லையா? அந்த நிற்பை மூன்று நாலு பிரேமுக்குப் பிடித்து வைக்காவிட்டால் பொம்மை 'அபா', 'சுமா' என்று சொல்வது போல இருக்கும். ழவும் ளவும் நேர்மாறு. நாக்கு உள்ளே என்ன சர்க்கஸ் செய்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. இதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லாமல், கண்ணாடி முன்னால் அப்பா பேசியதையே திருப்பிப் பேசிப் பேசி அவள் கண்டுபிடித்தது. அப்படித்தான் அந்தக் குரலும் அவளுக்குப் பழகியது. அப்பா பேசுவது முழுக்கக் கணக்கு வழக்கு. மாமாவிடம் வாங்கிய 3000 ரூபாய், சீட்டுப் பணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், மழைக்கு முன் கொல்லைப்பக்கத்து ஓடு மாற்ற வேண்டும், இப்படி. அந்தக் கனத்த குரலில், ஒவ்வொரு தொகையையும் யோசித்து யோசித்து நிதானமாகச் சொல்கிற அப்பா ஒருவரை அவள் மனசுக்குள் கட்டிக்கொண்டாள்.

படத்தை லேப்டாப்பில் போட்டு அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா முதலில் படத்தைப் பார்த்துச் சிரித்தார். கட்டில், லுங்கி எல்லாம் சரி என்றார். அரை நிமிடம் கேட்ட பிறகு முகம் மாறியது.

"இது யாரு பாப்பா பேசுறது?"

"என்னம்மா கேக்குற, அப்பாதான்."

"பேச்சு அவங்க பேச்சுதான். ஆனா உங்கப்பா இப்புடி இழுத்துப் பேச மாட்டாங்களே. படபடன்னுல்ல பேசுவாங்க. காச்சக்காரன் பேசுற மாதிரியில்ல இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் மறந்திருக்கும் என்றாள், டேப் பழசு என்றாள். அம்மா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. படம் முடிவதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள், இருப்பாய்வு டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. விடு பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை எல்லாம் இருபக்கமும் சமமாகக் காட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதிய பெண்தான். தன் கோப்பு பெட்டி வராமல் உள்ளே போனதை, டேலி ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். மென்பொருளுக்கு எண்கள் வரிசையாக இருக்கிறதா என்பதுதான் தெரியும். அந்த மனிதர் எந்தச் சுருதியில் பேசுவார் என்பது அதற்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அடுப்படியில் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து, ஊரில் மைக் செட் வைத்திருக்கும் ஒருவரிடம் போனார்கள். அறுபதைத் தாண்டியவர். குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழில். கேட்டதும் அவர் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அடியில கரண்டு ஹம் ஓடுதுல்ல பாப்பா, அது எந்த நம்பர்ல நிக்குதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்க முடியுமா?"

"பாக்கலாம் மாமா. எதுக்கு?"

"அடாப்டர் போட்டுத்தானே ஓட்டுனீங்க? நம்ம கரண்டு அம்பது. ஹம் அம்பதுலயோ நூறுலயோதான் நிக்கணும். அங்க நிக்கலைன்னா வேகத்துல தப்பு."

எவ்வளவு எளிமையான சோதனை பாருங்கள்! இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. டேப் ரெக்கார்டரின் அடாப்டர் வழியாக அந்த 'உம்ம்' சத்தமும் 50, 100 ஹெர்ட்ஸில் பதிவோடு சேர்ந்துவிடும். பேசுகிறவர் யாராக இருந்தாலும் இது அங்கேதான் நிற்க வேண்டும். ஆடாசிட்டியில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' என்பதைத் திறந்தால் எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று மலை மலையாகக் காட்டும். முதலில் எல்லாம் மொழுக்கென்று ஒரே மேடாகத் தெரிந்தது. அதில் 'சைஸ்' என்று இருப்பதை 16384க்கு மேல் ஏற்றிய பிறகுதான் ஊசிகள் தனித்தனியாகப் பிரிந்தன. ஒன்று 46இல். இன்னொன்று 92இல். 50இலும் 100இலும் எதுவும் இல்லை.

92ஐ 100ஆல் வகுத்தால் 0.92. 44100ஐ 48000ஆல் வகுத்தால் 0.91875. வீடியோக்காரர்கள் புழங்கும் எண் 48000. அண்ணனின் கம்ப்யூட்டரில் பதிவு அமைப்பைப் போய்ப் பார்த்தால், அங்கே 48000 என்றுதான் இருந்தது. அதை யாரும் முதலில் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விநாடிக்கு 48000 வீதம் எடுத்த எண்களை 44100 வீதம் வாசித்தால் பேச்சு எட்டு சதவீதம் மெதுவாகும். சுருதியும் இறங்கும், ஏறக்குறைய முக்கால் கட்டை. பாடகர்களைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்வார்கள். ஆனால் முன்னப்பின்னே அறியாத ஒருவரின் பேச்சில் முக்கால் கட்டையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இருமடங்கு தப்பென்றால் அண்ணனே சிரித்திருப்பான். இணையத்தில் பாட்காஸ்ட்கள் புதிதாக வந்த காலத்தில், பிளாஷ் பிளேயருக்கு ஒத்துவராத மாதிரி எண்ணிக்கையில் எம்பி3யை ஏற்றிவிட்டு, பேசுகிறவர்கள் எல்லாம் அணில் மாதிரி கீச்சிட்ட வேடிக்கை நடந்தது உண்டு. அது காதில் விழுந்த உடனே பிடிபடும் தப்பு. இது மனிதக் குரலாகவே இருக்கிற தப்பு.

திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆடாசிட்டியில் அந்தத் தடத்தின் மெனுவில் 'ரேட்' என்பதை 48000 ஆக்கினால் போதும். ('ரீசாம்பிள்' என்று வேறொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் எண்கள்தான் மாறும், தப்பான வேகம் அப்படியே தங்கிவிடும். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஊசிகள் 50க்கும் 100க்கும் நகர்ந்தன. கூடவே இன்னொரு சின்ன ஊசி, 120ஐ ஒட்டி. மைக் செட் மாமாவுக்கும் அது என்னவென்று புரியவில்லை. ராத்திரி அவள்தான் தேடிக் கண்டுபிடித்தாள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த ஊர் ஏசியின் உறுமல் அதற்கு இருமடங்கில், 120இல் இருக்கும். ரூமில் ஏசி லாரி மாதிரி சத்தம் போடும், அதற்குப் பக்கத்தில்தான் தன் கட்டில் என்று கடிதத்தில் எழுதியிருந்தாராம், அம்மா சொன்னார். ஆக இங்கே பதிந்த வேகமும் சரி, அங்கே பேசிய வேகமும் சரி. வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்ட மாதிரி, ரொக்க ஏடும் பாஸ் புத்தகமும் இரண்டு பக்கமிருந்தும் ஒத்துப்போயின.

படம்தான் போயிற்று. 3840 பிரேம் இனி 3528. 2400ஆவது பிரேமில் மூடிய வாய் 2205இலேயே மூட வேண்டும். படத்தின் வேகத்தை விநாடிக்கு 26.12 பிரேம் என்று மாற்றினால் எல்லாம் தானாகப் பொருந்துமே என்று அண்ணன் யோசனை சொன்னான். கணக்கு சரிதான். பார்க்கவும் முக்கால்வாசி சரியாக இருந்தது. ஆனால் தலையாட்டல், கையசைவு எல்லாம் மெதுவாகப் பேசுகிற ஒருவருக்காக வரைந்தவை. படபடவென்று பேசுகிறவர் அப்படித் தலையாட்ட மாட்டார். அவள் முதல் பிரேமிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். போட்டித் தேதி தாண்டிவிட்டது.

அந்தப் பழைய, கனத்த குரல் கோப்பை அவள் இன்னும் அழிக்கவில்லை.

இரண்டாவது முறை அம்மா முழுசாகப் பார்த்தார். அப்பா வேகவேகமாகச் சீட்டுக் கணக்கு சொல்லி, ஓடு மாற்றச் சொல்லி, "அப்புறம் இன்னொன்னு" என்று ஆரம்பிக்கும்போது 3528ஆவது பிரேமில் ஒலி நின்றுவிடுகிறது. கரண்ட் போன இடம். அதற்கப்புறம் அப்பா என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள்.

"சைக்கிளு பின் டயரை மாத்தச் சொன்னாங்க. மாத்துனேன். அதையும் உங்க மாமன் எடுத்துட்டுப் போயி வித்துப்புட்டான்" என்றார் அம்மா.